பட்டணத்தில் ஒரு கட்டில்

"கெட்டும் பட்டணம் சேர்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். பட்டணம் சேர்ந்த பிறகு இரவில் எங்கே தலை சாய்ப்பது என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அன்று இல்லை. வழியெங்கும் சத்திரம் இருந்தது; வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. இன்று திண்ணைக்குக் கம்பிக் கதவு போட்டுவிட்டோம். சத்திரம் என்ற சொல்லுக்கே கல்யாண மண்டபம் என்று பொருளாகிவிட்டது. ஆனால் பட்டணம் போக வேண்டியவர்களின் கூட்டம் மட்டும் நாளுக்கு நாள் பெருகிக்கொண்டே இருக்கிறது.

அக்கூட்டத்தில் பெரும்பகுதியினர் யார்? நம்மைப் போன்ற மாணவர்களே! போட்டித் தேர்வு, நேர்முகத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு என்று ஏதேனும் ஒன்று நம்மைச் சென்னைக்கு அழைக்கிறது. தஞ்சையிலிருந்து சென்னை ஏறத்தாழ 350 கிலோமீட்டர். வசதியுள்ளவன் லாட்ஜில் அறை எடுக்கிறான். சென்னையில் சித்தப்பாவோ மாமாவோ இருப்பவன் அங்கே போய் இறங்குகிறான். இவ்விரண்டும் இல்லாதவன் என்ன செய்வான்? உழவன் எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியில் இரவெல்லாம் கண்விழித்து, விடியலில் இறங்கி, நிலையத்துக் குழாயில் முகம் கழுவி, அப்படியே தேர்வுக் கூடத்துக்குப் போகிறான். பேருந்தில் வருகிறவனைக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து நகருக்குள் செல்வது இன்னொரு பயணம். வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒருவன் தூங்கி எழுந்து எழுதுகிறான். மற்றவன் தூங்காமலே எழுதுகிறான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவனுக்குப் பட்டணத்தில் உறவினர் இருப்பது அரிது. எனவே இந்தத் தூக்கமின்மை பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. அதுதான் பொதுத் தங்கும் விடுதி. ஒரு கூடம், அதில் வரிசையாகக் கட்டில்கள், பூட்டி வைக்க ஒரு பெட்டி, பொதுவான குளியலறை. முழு அறைக்கும் வாடகை தர வேண்டாம். ஒரு கட்டிலுக்குக் கொடுத்தால் போதும். இதை மேல்நாட்டு நாகரிகம் என்று எண்ணுகிறவர்கள் நம் மண்ணின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

தஞ்சையை ஆண்ட மராட்டியர்கள் இராமேசுவரம் செல்லும் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம். 1801ஆம் ஆண்டு சரபோஜி மன்னர், கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு இச்சத்திரங்களைக் காக்க வேண்டி ஒரு கடிதம் எழுதினார். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டா என்று கூவியழைத்துச் சோறிடும் வழக்கத்தை அக்கடிதம் கூறுகிறது. நோயுற்ற வழிப்போக்கருக்கு அங்கே மருத்துவம் கிடைத்தது. பயணம் தொடர முடியாதவர் தங்கியிருக்கவும் இடம் கிடைத்தது. அன்றைய பயணம் புண்ணியம் தேடி. இன்றைய பயணம் வேலை தேடி. பயணியின் பசியும் களைப்பும் மட்டும் மாறவில்லை.

அந்நாளில் பல சத்திரங்களில் சாதிக்கொரு பந்தி இருந்ததையும் மறைக்கலாகாது. அந்தப் பந்தி நமக்கு வேண்டாம். அந்த மணியோசைதான் வேண்டும்.

ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மான் என்றொரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1909இல் மாணவர்களோடு நடைப்பயணம் சென்றபோது கடும் மழையில் சிக்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் பள்ளிகளையெல்லாம் மாணவர் தங்கத் திறந்துவிட்டால் என்ன என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. 1912இல் ஆல்டெனா கோட்டையில் அவர் தொடங்கிய விடுதியே உலகெங்கும் பரவிய இளைஞர் விடுதிகளுக்கெல்லாம் தாய். பின்னர் இந்திய இளைஞர் விடுதிகள் சங்கமும் தோன்றியது. சென்னை அடையாறு இந்திரா நகரில் ஓர் இளைஞர் விடுதி உண்டு. மத்திய அரசு கட்டிய இளைஞர் விடுதிகளில் ஒன்று நம் தஞ்சாவூரிலேயே கட்டப்பட்டது. நம் வகுப்பில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

செலவு குறைவு என்பது மட்டுமா இவ்விடுதிகளின் சிறப்பு? அன்று. லாட்ஜ் அறையில் கதவைச் சாத்தினால் நால்புறமும் சுவர். பொதுக் கூடத்திலோ பக்கத்துக் கட்டில்காரர் ஒரு நடமாடும் நூலகம்! எந்தப் பேருந்து எங்கே போகும், எந்த மெஸ்ஸில் சாப்பாடு நன்றாயிருக்கும், சென்ற முறை நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் அங்கே இலவசம். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் கல்வி இதுதான். ஊரிலிருந்து வந்தவனுக்குத் தரையில் ஒரு பாயை விரித்துக் கொடுத்த எத்தனையோ அறைகள் அங்கே உண்டு.

ஓர் இரவு தங்க இடமிருந்தால் பட்டணமும் நமக்குத் திறக்கிறது. தேர்வெழுதிய கையோடு ரயிலுக்கு ஓடுகிறவன் சென்னையில் கண்டது ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும்தான். மறுநாளும் இருப்பவன் கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பார்க்கலாம். அருகிலேயே பிர்லா கோளரங்கம். 1851இல் தொடங்கப்பட்டு இன்று எழும்பூரில் உள்ள அருங்காட்சியகத்தில் நம் சோழ நாட்டுச் செப்புத் திருமேனிகளையே காணலாம். அறிவியல் மாணவனுக்கு இவை கேளிக்கையா? பாடத்தின் தொடர்ச்சியன்றோ!

பொதுக் கூடத்தில் திருட்டுப் பயம் உண்டே, குறட்டைச் சத்தம் உண்டே என்பார்கள். பூட்டுள்ள பெட்டியும் பொறுப்புள்ள காப்பாளரும் முதற்குறையைத் தீர்ப்பார்கள். குறட்டைக்கு மருந்தில்லை, ஆனால் நிலையத்து நடைமேடையில் படுத்தவனுக்கு அது தாலாட்டு.

இன்னும் பெரிய குறை ஒன்றுண்டு. மேன்ஷன் வாசல் மாணவியருக்குத் திறப்பதில்லை. நடைமேடையில் இரவைக் கழிக்கவும் அவர்களால் இயலாது. உடன் வர அப்பாவோ அண்ணனோ ஒரு நாள் கூலியை விட வேண்டும், செலவும் இரட்டிப்பாகும். அது முடியாத வீட்டில், "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்மா" என்ற ஒரு சொல்லோடு தேர்வு முடிந்துவிடுகிறது. நன்றாகப் படிக்கும் பெண்ணைத் தோற்கடிப்பது வினாத்தாள் அன்று, ஓர் இரவு. வேலைக்குச் செல்லும் மகளிருக்காகத் தமிழக அரசு நடத்தும் 'தோழி' விடுதிகள் பாராட்டுக்குரியவை. தேர்வுக்கு வரும் மாணவியருக்கென்றும் இத்தகைய விடுதிகளில் சில கட்டில்களை ஒதுக்கி வைத்தால் எவ்வளவு நன்மை!

இதற்குப் புதுக் கட்டடம் எழுப்ப வேண்டும் என்பதில்லை. சென்னையிலுள்ள அரசுக் கல்லூரி விடுதிகள் கோடை விடுமுறையில் காலியாகின்றன. ஷிர்மானின் எண்ணம் அங்கே அப்படியே பொருந்தும். நுழைவுச் சீட்டையும் கல்லூரி அடையாள அட்டையையும் காட்டுபவருக்கு இரண்டு இரவுகள் இடம் தரலாம். நம் கல்லூரி செய்யக்கூடியதும் உண்டு. சென்னையில் தங்கத்தக்க விடுதிகளின் பட்டியலை, கட்டணத்தோடும் வழியோடும் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். முன்பே போய்வந்த மூன்றாமாண்டு அண்ணன்மாரும் அக்காமாரும் தாங்கள் அறிந்ததை அதில் எழுதிவைக்கலாம்.

கேட்பதற்கு முன் கொடுப்பதே தஞ்சைக்கு அழகு. பெரிய கோயிலைக் காணவும் தேர்வு எழுதவும் வெளியூர் மாணவர்கள் இங்கும் வருகிறார்கள். முதலில் நம் விடுதியின் காலிக் கட்டில்களை விடுமுறையில் அவர்களுக்குத் திறந்துவிடுவோம். நள்ளிரவில் மணியடித்துப் பசித்தவரைத் தேடிய ஊரிலிருந்து இந்தக் கோரிக்கை எழுந்தால், சென்னை அதைத் தட்டாது என்பது என் நம்பிக்கை.