தந்தைக்கு ஒரு கூற்று

மகளைப் பிரிந்த நற்றாயும் செவிலியும் புலம்புவதை அகப்பாடல்களில் கேட்கின்றோம். தந்தையின் குரலைக் கேட்பதில்லை. தந்தைக்கும் தமையனுக்கும் நேர்க்கூற்று இல்லை, அவர்தம் சொல்லைப் பிறர் எடுத்துமொழிதலே உண்டு என்பது தொல்காப்பியச் செய்யுளியல் காட்டும் மரபு. அங்ஙனமாயின், மகளை விடைகொடுத்து அனுப்பும் தந்தையின் நெஞ்சம் பேசுமிடந்தான் யாது? முற்றிலும் வேறான மண்ணில் பிறந்த திரை இசைநாடகம் ஒன்று இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

நார்மன் ஜூயிசன் இயக்கி 1971இல் வெளிவந்த 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' என்பதே அது. இத்திஷ் மொழி எழுத்தாளர் ஷோலம் அலைக்கமின் கதைகளைத் தழுவி, 1964இல் நியூயார்க்கில் மேடையேறிய நாடகத்தின் திரைவடிவம் இது. 1905ஆம் ஆண்டளவில், சார் மன்னராட்சியின் கீழிருந்த உருசியச் சிற்றூரில் வாழும் ஏழைப் பால்காரர் தெவ்யே, யூதர், ஐந்து பெண்மக்களின் தந்தை.

மூத்தவளை வசதிமிக்க இறைச்சிக் கடைக்காரருக்குத் தருவதாக வாக்களித்துவிடுகிறார் தெவ்யே. அவளோ ஏழைத் தையற்காரனை மணக்க இசைவு வேண்டுகிறாள். இரண்டாமவளும் அவள் விரும்பிய புரட்சியாளனும் இசைவைக் கேட்கவில்லை. வாழ்த்தை மட்டுமே கேட்கின்றனர். அம்மகள் பின்னர்ச் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட அவனை நாடிச் செல்லுங்கால், புகைவண்டி நிலையத்தில் தந்தையே உடனிருந்து வழியனுப்புகிறார். மூன்றாமவள் வேற்றுச் சமயத்தானை மணந்தபின் வந்து நிற்கிறாள்.

மக்கள் ஒவ்வொருவரும் எதிர்நிற்கும்போது கதை நின்றுவிடுகிறது. அவர்கள் தொலைவில் நிற்க, தந்தை தனித்து நின்று தம் நெஞ்சொடு வழக்காடுகிறார். இதுவும் சரி, அதுவும் சரி என்று எடைபோடுகிறார். இல்லத்தாரிடம் சொல்லவியலாததைத் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளும் இடத்தை இசைநாடகம் அவருக்கு வழங்குகிறது. முதல் இருமுறையும் விட்டுக்கொடுக்க ஒரு வழி கிடைக்கிறது, மூன்றாம்முறை கிடைக்கவில்லை. மகளை விலக்கிவிடுகிறார்.

'தி லிட்டில் மெர்மெய்ட்' (1989) என்னும் அசைபடத்திலும் கடலரசன் ஒருவன் மகளைப் பிரிகிறான். அங்கே அவள் திருமணத்தை அனைவரும் கொண்டாடுகின்றனர். தந்தை இழப்பது சிறிதே. தெவ்யேயின் நிலை அத்துணை எளிதன்று. மக்களை விடுத்தலின் உண்மையான அளவுகோல் இவரிடமே உளது என்பது எம் கருத்து.

இறுதியில் அரசாணையால் ஊரே வெளியேறுகிறது. தாமும் புறப்படுவதாகச் சொல்ல மூன்றாம் மகள் கணவனுடன் வருகிறாள். தந்தை அவளிடம் பேசவில்லை. ஆயினும் இறைவன் துணையிருக்க வேண்டுமென முணுமுணுக்கிறார். மூத்தவள் அதைத் தங்கைக்கு உரக்க எடுத்துரைக்கிறாள். மூலக்கதையில் இம்மகள் தந்தையிடமே மீண்டு வருகிறாள். திரையிலோ மீளவில்லை, வாழ்த்து மட்டுமே அவளைப் பின்தொடர்கின்றது.

இதனால் நாம் உணர்வது ஒன்றுண்டு. இசைவு வேறு, வாழ்த்து வேறு. தாம் போற்றும் நெறிக்கு மாறானதற்கு இசையாதிருக்கும் உரிமை தந்தைக்கு உண்டு. அவ்வுறுதியை நாம் குறைகூறோம். ஆயினும், இசைவை மறுத்தவர் வாழ்த்தையும் மறுத்தல் வேண்டும் என்பதில்லை. தெவ்யே தம் நெறியினின்று வழுவவுமில்லை; மகளை வெறுங்கையளாய் அனுப்பவுமில்லை.

இளைஞரும் இங்கே கருதவேண்டியது உண்டு. தந்தையின் மௌனத்துக்குள் ஒரு நீண்ட வழக்கு நடந்துகொண்டிருக்கும். அதில் மக்களின் தரப்பையும் அவரே எடுத்து வாதிடுவார். அதை உணர்ந்தோர், அவர் தாழ்குரலில் சொல்வதைச் செவிமடுக்கும் அளவேனும் அருகில் நிற்றல் வேண்டும். அவர் சொல்லை எடுத்துமொழிய வீட்டில் ஒருவர் இருத்தலும் வேண்டும்.