மண்ணுக்குரிய கடன்

மண் தருகிறது, மனிதன் உண்கிறான். உண்டதன் எச்சம் மீண்டும் மண்ணை அடைவதே இயற்கையின் ஒழுங்கு. காட்டில் உதிரும் இலை மரத்தின் வேருக்கே உணவாகிறது. தொழுவத்துச் சாணம் வயலுக்குச் செல்கிறது. மனிதனின் கழிவோ பல இடங்களில் ஆற்றிலும் குளத்திலும் கலந்து குடிநீரைக் கெடுக்கிறது. இம்முறைகேட்டைப் போக்க அறிஞர் கண்ட வழிகளுள் ஒன்று உரக் கழிப்பறை.

இக்கருத்துப் புதியதன்று. இங்கிலாந்து நாட்டில் டார்செட் பகுதியில் வாழ்ந்த ஹென்றி மூல் என்னும் பாதிரியார், வாந்திபேதியால் மக்கள் மடிவதைக் கண்டு வருந்தினார். உலர்ந்த மண்ணைக் கழிவின்மேல் இட்டு மூடினால் நாற்றம் நீங்குவதையும், நாளடைவில் கழிவே மண்ணாக மாறுவதையும் அவர் கண்டார். 1860 ஆம் ஆண்டில் தம் மண் கழிப்பறைக்குக் காப்புரிமையும் பெற்றார். வியட்நாம் நாட்டில் 1950களில் இரண்டு அறைகள் கொண்ட கழிப்பறை உழவரிடையே பரவியது.

தமிழகத்திலும் இம்முறை வேரூன்றிய ஊர் உண்டு. அது காவிரியின் வடகரையிலுள்ள முசிறி. ஆற்றங்கரை ஊர்களில் நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும். அங்குக் குழி தோண்டிக் கழிப்பறை கட்டினால் குழியில் நீர் ஊறும். கழிவு கிணற்றை எட்டும். ஆகவே ஸ்கோப் என்னும் தொண்டு நிறுவனம் அவ்வட்டாரத்தில் தரைக்கு மேலே அறைகள் கட்டி இக்கழிப்பறைகளை அமைத்தது. அதனை நிறுவிய மராச்சி சுப்புராமனுக்கு 2021 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இதன் அமைப்பு எளியது. மலம் கீழேயுள்ள அறையில் விழும். சிறுநீர் வேறொரு குழாய் வழியே கலத்தில் சேரும். கால் கழுவிய நீர் தனியே சென்று வாழைப்பாத்தியில் பாயும். ஒருவர் ஓராண்டில் கழிக்கும் சிறுநீர் ஏறத்தாழ 500 லிட்டர். மலம் 50 லிட்டர் அளவே. இரண்டும் கலவாதிருந்தால் நாற்றம் குறைகிறது. ஓர் அறை நிரம்பியதும் அதனை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவர். மூடிய அறையில் கழிவு உலர்ந்து மட்கும். வெப்பநாடுகளில் ஓராண்டுக்கு மேல் காத்திருத்தல் நலம் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2006 இல் வெளியிட்ட நெறி. குடற்புழுவின் முட்டைகள் எளிதில் அழிவதில்லை. ஆதலின் அவசரம் ஆகாது.

கட்டுவது எளிது, பேணுவதே அரிது. ஒவ்வொரு முறையும் ஒரு பிடி சாம்பல் இடவேண்டும். அறைக்குள் நீர் புகாதவாறு மூடியை இடவேண்டும். குழந்தைகளுக்கும் விருந்தினர்க்கும் முறையைச் சொல்லித்தரவேண்டும். விறகடுப்பு மறைந்துவரும் வீடுகளில் சாம்பலுக்கு எங்குச் செல்வது? மரத்தூளும் உலர்ந்த மண்ணும் சுண்ணாம்பும் அக்குறையைத் தீர்க்கும். ஆயினும் அவற்றை மழைக்கு முன்பே சேர்த்துவைப்பார் ஒருவர் வேண்டும். அப்பொறுப்பு வீட்டுப் பெண்களின் தலையில் மட்டும் விழுவது முறையன்று. பயன்படுத்துவோர் அனைவரும் பேணுவோராகவும் இருத்தல் வேண்டும்.

இது பழைய எடுப்புக் கழிப்பிடமே அன்றோ எனச் சிலர் வினவுவர். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. பல தலைமுறைகளாகச் சில சாதியினரின் தலைமேல் பிறர் கழிவை ஏற்றிய கொடுமை இந்நாட்டில் நிகழ்ந்தது. 2013 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடை செய்தது. கழிவு முழுவதும் மட்குவதற்கு முன் மனிதர் கையால் அகற்றும் கழிப்பிடத்தையே அச்சட்டம் தகாதது என்கிறது. எனவே, இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு காலமும் கையுமே. முழுவதும் மட்கிய பின் வீட்டார் தம் கையால் எடுத்துத் தம் மரத்துக்கு இட்டால் அது உரம். பொறுமையின்றித் திறந்து, நாலு காசு கொடுத்து ஏழை ஒருவரை அழைத்து அள்ளச் செய்தால் அது பழைய கொடுமையே.

நீர் ஊற்றும் கழிப்பறையே போதும் என்பாரும் உளர். நிலத்தடி நீர் ஆழத்தில் உள்ள ஊர்களில் இரட்டைக் குழிக் கழிப்பறை நல்லதே. தோட்டமில்லாத அடுக்குமாடி வீட்டுக்கு உரக் கழிப்பறை பொருந்தாது. ஆனால், நீர் ஊற்றியவுடன் கடமை முடிந்தது என்று எண்ணுவது பிழை. கண்ணுக்கு மறைந்த கழிவு எங்கோ ஒரு தொட்டியில் தேங்குகிறது. அத்தொட்டியில் இறங்கிய தொழிலாளர் நச்சுக்காற்றால் உயிரிழக்கும் செய்தி இன்றும் வருகிறது.

ஆகவே, எந்தக் கழிப்பறை சிறந்தது என்பதற்கு முன்னர், அதன் கழிவை இறுதியில் யார் கை தொடும் என்று கேட்டல் வேண்டும். உரக் கழிப்பறை அக்கேள்வியை மறைப்பதில்லை. வீட்டின் வாயிலிலேயே நிறுத்துகிறது. தன் கழிவைத் தானே பேணி மண்ணுக்கு அளிப்பவன் எவர்க்கும் தாழ்ந்தவன் அல்லன். பிறர் தலையில் அதனை ஏற்றுபவன், எத்துணைத் தூய உடை உடுத்தினும், தூயவன் அல்லன்.