சிப்புத் தொழிலில் புதுப் போட்டி: சிறிய கம்பெனிகளின் கதி என்ன?

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தோட்டக் குடும்பங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் பத்து பெரெண்டாம் எலெக்ட்ரானிக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனார்கள். 1973-ல் அங்கே கால் வைத்த சீமென்ஸ்தான் இன்றைய இன்ஃபினியன். நேஷனல் செமிகண்டக்டர் 2011-ல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கைக்குப் போனது. ஆகவே, சிப்பு வியாபாரம் ஆட்டம் கண்டால் நம்ம வீட்டு அடுப்பும் ஆட்டம் காணும்.

மின்சாரக் காருக்கு வேண்டிய ஒருவகைச் சிப்பை, சிலிக்கன் கார்பைடு என்ற தகட்டில் செய்கிறார்கள். அந்தத் தகட்டுத் தொழிலில் பல ஆண்டுகள் முன்னணியில் நின்றது அமெரிக்காவின் வுல்ஃப்ஸ்பீடு. கிராக்கி ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி, பெருங்கடன் வாங்கிப் புதுத் தொழிற்சாலைகளை எழுப்பியது. அந்தச் சமயத்தில் சீனக் கம்பெனிகள் அரசாங்க ஆதரவோடு அதே தகட்டை மலிவாகக் கொண்டுவந்து குவித்தன. மின்சாரக் கார் விற்பனையும் எதிர்பார்த்த வேகத்தில் ஏறவில்லை. விலை மளமளவென்று சரிந்தது. 2025 ஜூன் மாதம், சுமார் 650 கோடி டாலர் கடனோடு வுல்ஃப்ஸ்பீடு நீதிமன்றப் படியேறியது. செப்டம்பரில் மீண்டு வந்தாலும், பழைய பங்குதாரர்களுக்கு மிஞ்சியது சொற்பம்தான்.

இன்ஃபினியன் கதை வேறு. 2023-லேயே இரண்டு சீனக் கம்பெனிகளோடு தகடு வாங்க ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. விற்பவனுக்கு நட்டமாகிற விலை, வாங்குபவனுக்கு லாபம்தானே! ஆனால் சீனர்கள் தகட்டோடு நிற்கவில்லை, சிப்பும் செய்கிறார்கள். சந்தையும் மந்தமாக இருந்ததால் பெரியவனும் செலவைச் சுருக்க வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்டில் உலகளவில் 1,400 வேலைகளைக் குறைப்பதாகவும், இன்னும் 1,400 வேலைகளைச் சம்பளம் குறைந்த நாடுகளுக்கு மாற்றுவதாகவும் அறிவித்தது. அதே மாதம் கூலிமில் புதுத் தொழிற்சாலை திறந்தது. நமக்கு நல்ல சேதிதான். ஆனால் சம்பளம் குறைவு என்று தேடி வருகிற வேலை, இன்னும் மலிவான இடம் கிடைத்தால் அங்கே போய்விடாதா?

கித்தாக் காட்டில் நாம் பார்த்த கதைதான் இது. ரப்பர் விலை விழுந்தபோது பெரிய கம்பெனிகள் மரத்தைச் சாய்த்து செம்பனை நட்டன. காய்ப்பு வர மூன்று வருசம் காத்திருக்க அவர்களிடம் பணமிருந்தது. ஐந்து ஏக்கர்காரன் எங்கே காத்திருப்பான்? இன்றும் பெரிய ஃபேக்டரிகளுக்கு உதிரி வேலை செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகளின் நிலை அதுதான். ஆர்டர் குறைந்தால் முதல் அடி அவர்களுக்கு. அடுத்த அடி குத்தகை ஏஜெண்டு மூலம் போன நம்ம பிள்ளைக்கு.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை கையெழுத்துப் போட்ட தாளை வாங்கிப் பாருங்கள். வேலை கொடுத்தது ஃபேக்டரியா, ஏஜெண்டா? நிரந்தரமா, தவணையா? மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாமல், ஒரு வருசமாவது தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பில் நிறுத்தினால் இழப்பீடு உண்டு. வேலை செய்த ஒவ்வொரு வருசத்துக்கும் குறைந்தது 10 நாள் சம்பளம். இரண்டு வருசம் முடிந்திருந்தால் 15 நாள். ஐந்து வருசம் முடிந்திருந்தால் 20 நாள். வேலை போன 60 நாளுக்குள் சொக்சோவில் வேலைக் காப்புறுதிக்கு மனுப் போட வேண்டும். ஆனால் தவணை முடிந்து வெளியேறுபவருக்கு அந்தக் காப்புறுதி இல்லை. கம்பெனியில் சங்கம் இருந்தால் சேரச் சொல்லுங்கள். தோட்டத்தில் நாம் பெற்றதெல்லாம் சங்கம் வைத்துப் பெற்றதுதானே!