பின் போய்விட்டதாம்!

‘சார்ஜ் பின் போயிடுச்சு, மாத்தணும்.’ செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் ஆண்டுக்கணக்காக ஒலித்துவரும் தீர்ப்பு இது. விசாரணை கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. கேபிளைச் செருகி, இரண்டு முறை ஆட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினால் வழக்கு முடிந்தது. கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் யூடியூபிலும் இதையேதான் ஓதுகிறார்கள். தினமும் செருகி உருவுவதால் பின் தேய்கிறது, தேய்ந்தால் லூஸ் ஆகிறது, லூஸ் ஆனால் மாற்ற வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! உள்ளே ஒரு டார்ச் அடித்துப் பார்த்தால் மட்டும் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். இப்படித் தீர்ப்பு வாங்கிய போன்களில் பலவற்றின் துளைக்குள் இருப்பது தேய்மானம் அல்ல, சட்டைப் பையின் பஞ்சு.

முதலில் தேய்மானக் கதை. யூஎஸ்பி டைப்-சி இணைப்பின் வரையறை 2014-இல் வெளியானது. 10,000 முறை செருகி உருவினாலும் தாங்க வேண்டும் என்பது அதன் கணக்கு. நாளுக்கு ஒரு முறை என்றால் 27 ஆண்டுகள். பதற்றத்தில் நாளுக்கு மூன்று முறை செருகுகிறவருக்கும் ஒன்பது ஆண்டுகள். அதற்குள் பேட்டரி உப்பியிருக்கும், திரை உடைந்திருக்கும், மென்பொருள் புதுப்பிப்பு எப்போதோ நின்றிருக்கும். வாங்கி ஒன்றரை ஆண்டுகூட ஆகாத போனின் துளை ‘தேய்ந்துவிட்டது’ என்பவர்கள் இந்த எளிய வகுத்தலைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

‘ஆனால் கேபிள் ஆடுகிறதே, கழன்று விழுகிறதே’ என்பார்கள். அவர்கள் கையிலிருக்கும் ஒரே சாட்சி இதுதான்; அதுவும் அவர்களுக்கு எதிராகவே பேசுகிறது. டைப்-சி துளையின் வாய் சுமார் 8.3 மில்லிமீட்டர் அகலம், 2.5 மில்லிமீட்டர் உயரம். நடுவே மெல்லிய நாக்கு ஒன்று நீண்டிருக்கும். அதன் மேலே 12, கீழே 12 என 24 தொடுமுனைகள். நாக்கின் இரு ஓரங்களிலும் சின்ன வெட்டு. கேபிள் முனைக்குள் இரு பக்கமும் வளைந்து கொடுக்கும் சிறு கொக்கிகள் உண்டு. அவை இந்த வெட்டுகளில் போய் உட்காரும்போதுதான் ‘க்ளிக்’ என்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், வளைகிற, தளர்கிற பாகங்கள் எல்லாம் கேபிள் பக்கம்தான். போன் பக்கத்தில் அசையும் பாகம் எதுவும் இல்லை. தேய்வது விலை குறைந்த பொருளாக இருக்கட்டும் என்று யோசித்தே இப்படி வடிவமைத்தார்கள். ஆக, பிடிமானம் தளர்ந்தால் முதல் சந்தேகம் கேபிள் மீது விழ வேண்டும். புதுக் கேபிளும் நிற்கவில்லை என்றால் அடுத்த சந்தேகம் பஞ்சு. சட்டைப் பையிலோ பேன்ட் பையிலோ போன் துளை கீழாக இறங்குகிறது. பையின் அடியில் தையலோரம் உதிர்ந்து கிடக்கும் நூல் துகளை அள்ளிக்கொள்கிறது. இரவு சார்ஜ் போடும்போது கேபிள் முனை அதை உலக்கை போல இடித்து அடியில் தள்ளுகிறது. மறுநாள் இன்னொரு படலம். சில மாதங்களில் அது பஞ்சாக இருக்காது, கெட்டித்துப்போன கம்பளித் துண்டாகிவிடும். கேபிள் முனை அதில் முட்டி அரை மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றால் போதும், கொக்கிகள் வெட்டுகளை எட்டாது. எட்டாத கேபிள் ஆடும், தொட்டால் விழும். இதைத்தான் லூஸ் என்கிறார்கள். துளை பெரிதாகிவிட்டது என்று அவர்கள் காட்டும் அறிகுறி, துளை அடைபட்டிருப்பதன் அறிகுறி.

ஒரு பக்கமாகச் செருகினால் ஏறுகிறது, திருப்பிச் செருகினால் ஏறவில்லை என்ற புகாரும் பெரும்பாலும் இதே வகைதான். எந்தப் பக்கம் செருகப்பட்டிருக்கிறது, மறுமுனையில் இருப்பது என்ன என்று கண்டறிவதற்கென்றே நாக்கின் இரு முகத்திலும் தனித்தனித் தொடுமுனை உண்டு. அங்கே தொடுகை கிடைக்காவிட்டால் டைப்-சி சார்ஜர் மின்சாரத்தையே திறந்துவிடாது. அதை மறைக்க ஒரு நூல் துகள் போதும்.

‘மாற்றியதும் சரியாகிவிட்டதே’ என்பது அடுத்த வாதம். ஆகாமல் என்ன செய்யும்? புதிய துளையில் பஞ்சு இல்லை அல்லவா! மாற்றியது பலித்ததால் பழையது பழுதாகியிருந்தது என்று நிரூபணம் ஆகிவிடாது. கழற்றிப் போட்டதைச் சுரண்டிப் பார்த்தவர் யார்? இதில் ஒரு நட்டமும் உண்டு. நீர் புகாத போன்களின் பின்மூடியைப் பசைதான் காக்கிறது. ஒருமுறை பிரித்துவிட்டால் அந்தக் காப்பு பழையபடி இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. சாலிடர் விட்டுப்போவதும், ஈரத்தில் பச்சை பூத்து அரிப்பதும் நடக்காதவை அல்ல. நடந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஐபி68 போனுக்குள் தூசியே போகாது என்று மார்தட்டுகிறவர்களுக்கு ஒரு வரி: அந்தக் காப்பு போனின் உடலுக்கு, திறந்து கிடக்கும் துளைக்கு அல்ல. ஊதினால் போய்விடும் என்பவர்களுக்கு இன்னொரு வரி: மூச்சில் ஈரம் இருக்கிறது, இறுகிய பஞ்சு அதற்கு அசையாது. பழைய ஐபோன் வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் தேய்மானம் பற்றிக் கொஞ்சம் பேசலாம். 2012-இல் வந்த லைட்னிங் இணைப்பில் வில் தொடுமுனைகள் போனுக்குள்தான் இருந்தன. 2023-இல் ஐபோன் 15 டைப்-சிக்கு வந்த பிறகு அந்தச் சலுகையும் போயிற்று.

‘உள்ளே எதையும் விடாதே, ஷார்ட் ஆகிவிடும்’ என்ற எச்சரிக்கையில் பாதி நியாயம் இருக்கிறது. ஊசி, ஊக்கு, சிம் குச்சி எதுவும் ஆகாது. உலோகம் நாக்கை முறிக்கும், தொடுமுனையின் பூச்சைச் சுரண்டும். ஆனால் உலோகத்துக்குச் சொன்னதை மரக்குச்சிக்கும் நீட்டி, பயத்தைக் கிளப்பி, மனிதர்களைக் கடைக்கு ஓட்டுவது எந்த ஊர் எச்சரிக்கை? நாக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடம்தான் இருக்கிறது. பல் குத்தும் குச்சி அப்படியே நுழையாது. அதன் முனையைப் பிளேடால் தட்டையாகச் சீவி, போனை அணைத்து, துளையைக் கீழ் நோக்கிப் பிடித்து, சுவரோரமாக அடிவரை விட்டு மெல்ல இழுத்தால் சாம்பல் நிறத்தில் உருண்டை வரும். இதற்குச் சோம்பல்பட்டு, ‘வயர்லெஸ் சார்ஜருக்கு மாறிவிடு’ என்று அறிவுரை சொல்பவர்களும் இருக்கிறார்கள். கம்பியைவிட மெதுவாக ஏறி, கூடுதல் மின்சாரம் தின்று, பேட்டரியையும் சுடவைக்கும் ஒரு தட்டை விலை கொடுத்து வாங்க வேண்டுமாம், ஒரு பல் குச்சியைச் சீவாமல் இருப்பதற்காக.