உண்ணிக் காய்ச்சல்: சோதனை முடிவு வரும்வரை காத்திருக்கலாமா?

ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கும் நாள்களில் எங்கள் காய்ச்சல் பிரிவில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. "வீட்ல நாயே இல்லீங்க டாக்டர், உண்ணி எப்படிங்க கடிச்சிருக்கும்?" பொள்ளாச்சித் தென்னந்தோப்பிலிருந்து வந்தவரும் கேட்கிறார், மேட்டுப்பாளையம் அடிவாரத்திலிருந்து வந்தவரும் கேட்கிறார், நகரின் நடுவே குடியிருந்து, காலி மனைப் புதரை வெட்டிச் சுத்தம் செய்தவரும் கேட்கிறார்.

குழப்பத்திற்குக் காரணம் பெயர்தான். ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் நோயைத் தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். ஆனால் மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் இரத்தம் குடித்து உப்பித் தொங்குகிறதே, அந்த உண்ணி இந்நோயைப் பரப்புவதில்லை. பரப்புவது சிலந்திப்பேன் இனத்தைச் சேர்ந்த ஓர் உயிரியின் இளம்பருவம். தென்னை விவசாயிகள் நன்கறிந்த ஈரியோபைட் சிலந்திக்கு அது தூரத்து உறவு. அதன் அளவு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். புல்லிலும் புதரிலும் காத்திருந்து, வழக்கமாக எலிகளின் உடலில் ஏறும். இடையே மனிதர் வந்தால் அவர்மீதும் ஏறும். கடிப்பது வலிக்காது. பெரும்பாலும் பத்து நாள்கள் கழித்தே காய்ச்சல் வரும். ஆகவே, "எதுவும் கடிக்கவில்லை" என்று நோயாளி சொல்லும்போது அவர் உண்மையையே சொல்கிறார். அந்தப் பதிலைக் கொண்டு நாங்கள் நோயை விலக்கிவிட முடியாது.

அடுத்த கேள்வி உறவினர்களிடமிருந்து வருகிறது. "எந்தச் சோதனையில் உறுதியானது?" எங்களின் பதில் பல வேளைகளில் இதுவே: "இன்னும் உறுதியாகவில்லை, ஆனாலும் மருந்தைத் தொடங்கிவிட்டோம்." இதைக் கேட்டதும் பலருடைய முகம் வாடுகிறது. உறுதியாகத் தெரியாமல் மருந்து தருவது மருத்துவரின் தடுமாற்றம் என்று அவர்கள் எண்ணுகின்றனர். இந்நோயைப் பொறுத்தவரை அதுவே பொறுப்பான செயல் என்பது எங்கள் கருத்து. அதற்கான காரணத்தை உங்களிடம் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

நாங்கள் வழக்கமாகச் செய்யும் எலிசா சோதனை, கிருமியை நேரடியாகத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது இரத்தத்தில் போதுமான அளவு சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாளில் எடுத்த இரத்தத்தில் 'இல்லை' என்று வந்தால், 'இன்னும் தெரியவில்லை' என்றே அதற்குப் பொருள் கொள்ள வேண்டும். மறுபுறம், ஒருமுறை தோன்றிய எதிர்ப்பொருள் பல மாதங்கள் நீடிக்கக்கூடும். சென்ற ஆண்டு வந்து போன நோயின் தடயம், இந்த ஆண்டு வேறு காய்ச்சலின்போது 'உண்டு' என்று காட்டலாம். 1916இல் கண்டறியப்பட்ட வெய்ல்-ஃபெலிக்ஸ் சோதனை இன்றும் சில இடங்களில் செய்யப்படுகிறது. அது பலருடைய நோயைத் தவறவிடும். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை முதல் வாரத்திலேயே உதவும். ஆயினும் எல்லா ஊர்களிலும் அது கிடைப்பதில்லை.

இந்நோயில் இரத்தத் தட்டணுக்கள் குறைவதால் டெங்கு எனத் தோன்றும். நாள்பட்ட காய்ச்சலாக இருப்பதால் டைஃபாய்டு எனத் தோன்றும். வைடால் சோதனையில் சற்றே கூடுதலான அளவு தெரிந்தால், அந்த எண்ணம் இன்னும் வலுக்கும். இவ்வாறு பெயர் மாறி மாறிச் சிகிச்சை நடக்கும்போது நாள்கள் கழிந்துவிடுகின்றன.

எங்கள் பிழை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, தோப்பு வேலை செய்யும் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் ஆறாம் நாள் காய்ச்சலுடன் எங்களிடம் வந்தார். மூன்றாம் நாள் வெளியே எடுத்த சோதனைத் தாள் கையில் இருந்தது. அதில் உண்ணிக் காய்ச்சல் 'இல்லை' என்றிருந்தது. நாங்கள் அந்தத் தாளை நம்பினோம். மறுசோதனைக்கு இரத்தம் அனுப்பிவிட்டு ஒரு நாள் காத்திருந்தோம். அன்றிரவு அவருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற நேர்ந்தது. அங்கே உடல் துடைத்துக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர், பாவாடை நாடா இறுகும் இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டதுபோன்ற சிறு கருநிறப் பொருக்கைக் கண்டு எங்களை அழைத்தார். சோதனை முடிவு வருமுன்பே நோய் எதுவென்று தெரிந்துவிட்டது. அம்மையார் பிழைத்துக்கொண்டார். ஆனால் முதல் நாளே உடல் முழுவதையும் பார்த்திருந்தால், அவருக்கும் அவருடைய மகள்களுக்கும் அந்த இரவு நேர்ந்திராது.

அந்தப் பொருக்கு, பூச்சி கடித்த இடத்தில் உண்டாவது. அது வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ்ப்பகுதி, இடுப்பு, முழங்காலின் பின்புறம் போன்ற மறைவான இடங்களிலேயே பெரிதும் காணப்படும். எல்லோருக்கும் அது வருவதில்லை. ஆனால் வந்திருந்தால் முதல் வாரத்தில் எந்தச் சோதனையைவிடவும் மேலான சான்று அதுவே. வெட்கத்தால் அதை மறைத்துவிட வேண்டாம். பெண் நோயாளிகள் பெண் மருத்துவரையோ செவிலியரையோ பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அது உங்கள் உரிமை.

இந்நோய்க்கு உரிய மருந்து டாக்சிசைக்ளின். விலை குறைந்த பழைய மாத்திரை. கருவுற்ற பெண்களுக்கு அசித்ரோமைசின் தரப்படுகிறது. காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடப்படும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசிகள் இக்கிருமியை ஒன்றும் செய்வதில்லை. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை உறை எனப் பாதிப்பு பரவும். இதனாலேயே, ஐயம் எழுந்தவுடன் ஆய்வக உறுதிக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. நோய் முற்றியவர்களுக்கு இரு மருந்துகளையும் சேர்த்து நரம்பின் வழியே தருவது நல்லது என்பதை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் 794 நோயாளிகளிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வாறு சேர்த்துத் தந்தபோது சிக்கல்கள் குறைந்தன. இறப்பு விகிதத்தில் மட்டும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. முற்றவிடாமல் தொடங்குவதன் அருமை இதிலிருந்தும் விளங்கும்.

"உறுதியின்றி நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தருவது தவறு என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள்?" எனச் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு மருந்து தருவது வேறு. காரணத்தோடு தொடங்கி, விளைவைக் கண்காணிப்பது வேறு. முதல் மாத்திரைக்கு முன்பே இரத்தம் எடுத்துவிடுகிறோம். டெங்கு, மலேரியா ஆகியவற்றுக்கான தேடல் நிற்பதில்லை. உண்ணிக் காய்ச்சலாக இருந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் தணியத் தொடங்கும். தணியாவிட்டால் நாங்கள் கொண்ட முடிவையே மறுபடி சோதிக்கிறோம். ஆகவே இதைப் படித்துவிட்டு மருந்துக் கடையில் நீங்களே மாத்திரை வாங்கி விழுங்கிவிடாதீர்கள்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்தினர் சிலர், "இது லைம் நோயாக இருக்குமோ?" என்றும் கேட்கின்றனர். 1975இல் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்னும் ஊர்ப் பகுதியில் சிறுவர் பலருக்கு மூட்டு வீக்கம் கண்டதிலிருந்து அந்நோய் உலகறிந்ததாயிற்று. அதை உண்ணியே பரப்புகிறது. ஆனால் அது அந்நாட்டுக் காடுகளில் வாழும் வேறு வகை உண்ணி. நம் பகுதியில் அந்நோயைக் காண்பது மிக அரிது. அங்கு செல்லாத ஒருவருக்கு லைம் சோதனை 'உண்டு' என்று வந்தால், அது தவறான முடிவாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அங்கேயும் தொடக்க நாள்களில் எதிர்ப்பொருள் சோதனை பொய்த்துவிடுவதால், கடித்த இடத்தைச் சுற்றி விரியும் சிவந்த தடிப்பைக் கண்டே மருத்துவர்கள் மருந்து தருகின்றனர். அண்மையில் அங்கு சென்று வந்திருந்தால் எங்களிடம் மறவாமல் சொல்லுங்கள்.

உங்களிடம் நாங்கள் வேண்டுவன சிலவே. காய்ச்சல் தொடங்கிய தேதியைக் குறித்து வையுங்கள்; சோதனை முடிவைப் படிக்க அதுவே திறவுகோல். அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் புல் அறுத்தது, விறகு பொறுக்கியது, மலையேறியது, புதரோரம் அமர்ந்தது எதுவாயினும் கூறுங்கள். பழைய சோதனைத் தாள்களையும் உட்கொண்ட மருந்துகளின் அட்டைகளையும் எடுத்து வாருங்கள். தோட்டத்திலிருந்து திரும்பியதும் குளித்து, உடையைத் துவைக்கப் போடுங்கள். வீட்டைச் சுற்றிப் புதரும் எலியும் சேரவிடாதீர்கள்.

நோயாளியின் குறிப்பேட்டில் 'உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்' என்று நாங்கள் எழுதியிருப்பதைக் கண்டால் அஞ்ச வேண்டாம். எதனால் அவ்வாறு எண்ணுகிறோம், எப்போது மறுபடி பார்ப்போம், தணியாவிட்டால் அடுத்து என்ன செய்வோம் என்ற மூன்றையும் எங்களிடம் கேளுங்கள். அவற்றுக்குத் தெளிவான விடை தருவது எங்கள் பொறுப்பு.