தங்குமிடம் இலவசம்

மழை ஓய்ந்து நவம்பர் பிறந்தால் மட்டாஞ்சேரியில் ‘சீசன்’ தொடங்கிவிடும். பஜார் சாலையின் பழைய மிளகு, சுக்குக் கிடங்குகளுக்கு நடுவே காபிக் கடைகள் நிரம்பும். யூதத் தெருவில் பழம்பொருள் வணிகர்கள் வாசலுக்கே வந்து அழைப்பார்கள். ஃபோர்ட் கொச்சி வரையிலான சந்துகளில் ஹோம்ஸ்டேக்களும் ஹாஸ்டல்களும் அறை இல்லை என்று பலகை மாட்டும். இவற்றையெல்லாம் நடத்த ஆள் வேண்டும். மார்ச் முடியும்வரை மட்டும் வேண்டும். அதற்கான அழைப்புகளில் ஒரு வரி தவறுவதில்லை: தங்குமிடம் இலவசம். பட்டப்படிப்பை முடித்துவிட்டு அடுத்தது என்னவென்று தெரியாமல் நிற்கும் மாணவனை இழுப்பது அந்த வரிதான். கடலோர நகரத்தில் நான்கு மாதம், ஒரு படுக்கை, காலைச் சிற்றுண்டி. பதிலுக்கு நாளொன்றுக்குச் சில மணி நேர ‘உதவி’. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அந்தச் சில மணி நேரம் காலை முதல் இரவுவரை நீள்வதும், கேள்வி கேட்டால் படுக்கையைக் காலி செய்யச் சொல்வதும் போனவர்கள் திரும்பி வந்து சொல்லும் கதைகள்.

இந்த ஏமாற்றத்தைத் தனிமனிதர்களின் குணக்கேடாக வாசிப்பது வசதியானது, தவறானது. கோளாறு அந்த வரியிலேயே இருக்கிறது. உறங்கும் இடத்தையே கூலியாகப் பெறுபவனுக்கு வேலையை இழப்பதும் வீட்டை இழப்பதும் ஒரே நாளில் நிகழும். ஆகவே அவன் பேரம் பேசுவதில்லை. இலவசத் தங்குமிடத்தைச் சலுகைக் கணக்கில் எழுதும் ஆய்வாளர், அதைப் பூட்டு என்னும் கணக்கில் எழுதியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கு ஓர் இயக்கமே உண்டு. வேனிலும் இழுவை வண்டியிலும் வாழும் முதியவர்கள் கோடையில் முகாம் மைதானங்களில் கழிப்பறை கழுவி, விறகு விற்று, கட்டணம் வசூலிக்கிறார்கள். வண்டியை நிறுத்த இடமும் தண்ணீர், மின் இணைப்பும் கிடைக்கும். சில இடங்களில் அதற்கு மேல் சிறு கூலி. இலையுதிர் காலத்தில் பீட்கிழங்கு அறுவடை. ஆண்டு இறுதியில் முன்பு அமேசான் கிடங்கும் இருந்தது. வண்டியில் வாழ்வோரைப் பண்டிகை நெரிசலுக்குச் சேர்த்துக்கொள்ளவே அந்நிறுவனம் 2008இல் ‘கேம்பர்ஃபோர்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஜெசிகா புரூடர் 2017இல் வெளியிட்ட ‘நோமேட்லேண்ட்’ நூல் இந்த வாழ்வைக் கூலி, உடல்வலி, 2008இன் வீட்டுக்கடன் நெருக்கடி ஆகியவற்றின் வழியே பதிவு செய்தது. குளோயி ஜாவோ அதைத் திரைப்படமாக்கியபோது வலி குறைந்து வானம் பெரிதாயிற்று. 2021இல் ஆஸ்கர் விருது பெற்ற அப்படம் நம் கருத்தரங்குகளுக்கு வந்து சேர்ந்தபோது நாடோடித்தன்மை, விடுதலை, எல்லையற்ற வெளி என்ற சொற்கள் மிஞ்சின. கிடங்கின் காட்சி படத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே எவரும் தம் மேலாளரைத் திட்டுவதில்லை என்பதைக் கவனித்த மாணவர்கள் குறைவு.

சட்டத்தில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. தொழிலாளர் ஆய்வில் இறங்குவோர் அதை மனத்தில் வைக்க வேண்டும். அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு நியாயத் தொழில்தரச் சட்டம் தங்குமிடத்தின் நியாயமான செலவைக் கூலியின் பகுதியாகக் கணக்கிட முதலாளிக்கு இடம் தருகிறது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நேர்மாறாகச் சொன்னது: வீட்டு வசதி, விளக்கு, தண்ணீர் ஆகியவற்றின் மதிப்பு கூலியில் சேராது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் வீட்டு வசதியின் மதிப்பைக் கூலிக்கு வெளியிலேயே வைத்தது. அதாவது, படுக்கை தந்தேன் என்பது கூலி தந்தேன் என்பதற்கு ஈடாகாது என்று இந்த நாட்டின் சட்டம் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவருகிறது. ‘தன்னார்வலர்’ என்ற சொல் எதற்குப் பயன்படுகிறது என்பது இப்போது விளங்கும். தன்னார்வலருக்குக் கூலியே இல்லை. கூலி இல்லாதபோது குறைந்தபட்சக் கூலியும் இல்லை.

மட்டாஞ்சேரிக்கு இந்தத் தந்திரம் புதிதன்று. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியோர் ‘சாப்பா’ முறையின்கீழ் வேலை செய்த ஊர் இது. கப்பல் வந்த நாளில் விடியற்காலையில் கூடும் கூட்டத்தின் நடுவே ஒப்பந்தக்காரரின் ஆள் உலோகச் சாப்பாக்களை வீசி எறிவான். மண்ணில் புரண்டு, ஒருவரையொருவர் மிதித்து, ஒன்றைக் கைப்பற்றியவனுக்கு அன்றைய வேலை. மற்றவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள். கப்பல் வருவதும் வராததுமான நிச்சயமின்மை முழுவதும் தொழிலாளியின் தலையில் இறக்கப்பட்டது. அதற்கு எதிராக எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை சுட்டது. சைது, சைதலவி, ஆண்டனி என்ற மூவரை ஊர் இன்றும் நினைவுகூர்கிறது. சாப்பா ஒழிய 1962 ஆயிற்று. ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ 2023இல் இவ்வரலாற்றைத் திரைக்குக் கொண்டுவந்த பின்னர், அதைப் பற்றி நல்ல கட்டுரைகள் எழுதப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை 1962ஐ முடிவுப் புள்ளியாகக் கொண்டன.

அதே மட்டாஞ்சேரிக் கால்வாயைத் தெற்கே தொடர்ந்தால், சில கிலோமீட்டரில் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம். அங்கே கட்டி நிற்கும் ஆழ்கடல் விசைப்படகுகளில் கேட்கும் மொழி பெரிதும் தமிழ், குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைத் தமிழ். நீரோடி முதல் இரையுமன்துறை வரையிலான தூத்தூர் வட்டாரத்து எட்டு ஊர்களிலிருந்து வந்து, கொச்சியைத் தளமாகக் கொண்டு, சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் கடலில் தங்குபவர்கள் இவர்கள். நாகை, தூத்துக்குடி வழக்கில் இதைத் தங்குகடல் என்பார்கள். எவ்வளவு துல்லியமான சொல்! தொழிலும் தங்கலும் ஒரே பலகையின்மேல். சமையல், உறக்கம், காய்ச்சல், சண்டை, செபமாலை எல்லாம் அந்தச் சிறு தளத்தில். படகு கரை சேர்ந்த பின்னும், அடுத்த பயணத்துக்கு ஐஸ் ஏறும்வரை, பலருக்குக் கொச்சியில் வீடு என்பது அந்தப் படகே. நகரும் வீட்டில் வாழ்ந்து பருவத்துக்கு வேலை செய்யும் மனிதரைத் தேடி ஆய்வாளர்கள் நெவாடாவின் பாலைநிலம்வரை போகத் தேவையில்லை. ஒரு பேருந்துச் சீட்டு போதும்.

இவர்களது தங்குமிடமும் இலவசம்தான். கணக்கைப் பார்த்தால் அதன் பொருள் தெரியும். படகு திரும்பியதும் மீன் ஏலம் போகிறது. கிடைத்த தொகையில் முதலில் டீசல் கழியும். பிறகு ஐஸ், அரிசி, மளிகை, தண்ணீர். ஏலத் தரகரின் கமிஷன். மிஞ்சியதே உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் பங்காகிறது. விகிதம் படகுக்குப் படகு மாறும். செலவு போகத்தான் பங்கு என்ற வரிசை மாறாது. கடலில் உண்ட சோற்றுக்கும் தன் பங்கிலிருந்தே கொடுத்தவன், மீன்பாடு இல்லாத பயணத்தில் முப்பது நாள் உழைத்துக் கடனோடு இறங்குகிறான். வீட்டுக்கு அனுப்ப வாங்கிய முன்பணம் அவனை அடுத்த பயணத்துக்கும் அதே படகில் ஏற்றுகிறது.

பங்கு முறையைப் புகழும் மரபு ஒன்று மானிடவியலில் உண்டு. கூலியைவிட மானமுள்ளது, கூட்டுழைப்பின் எச்சம் என்பது அதன் வாதம். கட்டுமரத்தைப் பொறுத்தவரை அதில் உண்மை இருந்தது. அண்ணன், தம்பி, மைத்துனன் என நால்வர் ஏறி, மரமும் வலையும் தம் கையளவில் இருந்தபோது பங்கு என்பது பங்காகவே இருந்தது. பல லட்சம் விலையுள்ள படகும், ஒரு பயணத்துக்கே லட்சக்கணக்கில் டீசலும் என்றான பின்னரும் அதே சொல்லைப் பயன்படுத்துவது சொல்லாராய்ச்சிப் பிழை மட்டுமன்று. மூலதனத்தின் இழப்பில் மட்டும் தொழிலாளியைக் கூட்டாளியாக்கி, மூலதனத்தின் உடைமையில் அவனை வேற்றாளாக்கும் ஏற்பாடு அது. உரிமையாளரை வில்லனாக்குவதும் இங்கே எடுபடாது. அவரும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், தரகரிடமும் ஏற்றுமதி வணிகரிடமும் கடன்பட்டவர், சிலநேரம் ஸ்ராங்காகத் தாமே படகு ஓட்டுபவர். மேலிருந்து இறங்கும் நிச்சயமின்மை கடைசியாக யார் உடம்பில் தங்குகிறது என்பதே கேள்வி. சாப்பாவை வீசும் கை இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

பங்கு பெறுபவன் சட்டத்தின் கண்ணில் கூலியாள்தானா என்ற ஐயம் எழும் இடத்திலேயே, மேலே சொன்ன கூலிச் சட்டத்தின் பாதுகாப்பு நழுவிவிடுகிறது. ஹாஸ்டல் மாணவன் ‘தன்னார்வலர்’. கடல் தொழிலாளி ‘பங்காளி’. இருவரையும் தொழிலாளி என்று அழைக்காமல் இருப்பதற்கே இவ்வளவு இனிய சொற்கள்.

பருவம் என்ற சொல்லையும் இங்கே சோதிக்க வேண்டும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடைக்காலம். அதற்காகத் தமிழக அரசு ஒரு மீனவக் குடும்பத்துக்கு வழங்கும் நிவாரணம் 8,000 ரூபாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ 131 ரூபாய். மீன் இனம் பெருக இத்தடை தேவை. அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆயினும் மீனின் ஓய்வுக்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்டால் விடை அந்த 131இல் இருக்கிறது. (சுற்றுலாவின் பக்கம் அரசுக் கை இவ்வளவு இறுகியிருப்பதில்லை. 2021இல் ‘கேரவன் கேரளா’ அறிவிக்கப்பட்டபோது, பயணியர் உறங்கிச் செல்லும் வண்டியை வாங்குவோருக்கு மானியம் தருவதாகக் கேரள அரசு சொன்னது. உறங்கும் வண்டிகளிலும் தரம் உண்டு.)

சொல்லின் விலை ரூபாயில் மட்டும் முடிவதில்லை. 2007இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மீன்பிடிப் பணி பற்றிய 188ஆம் உடன்படிக்கையை ஏற்றது. மீன்பாட்டில் பங்கு பெற்று உழைப்பவரும் அதன் வரையறைப்படி மீனவரே. மேலே சொன்ன ஐயத்துக்கு அங்கே இடமில்லை. எழுத்து வடிவப் பணி ஒப்பந்தம், ஓய்வு நேரம், படகில் தங்குமிடத் தரம், படகிலுள்ளோரின் பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கரையில் பொறுப்பானவரிடம் சேர்த்தல் ஆகியவற்றை அது கேட்கிறது. 2017 நவம்பர் 16 அன்று அது நடைமுறைக்கு வந்தது. இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 29 இரவு தொடங்கி, ஒக்கிப் புயல் அடித்தது. யார் யார் எந்தப் படகில் போனார்கள் என்பதற்கு நம்பத்தக்க பட்டியல் இல்லை. அரசு சொன்ன எண்ணிக்கையும் பங்குத்தந்தையர் வீடு வீடாகக் கேட்டு எழுதிய எண்ணிக்கையும் ஒத்துப்போகாமல் நாள்கள் கழிந்தன. காணாமல் போனவரைத் தேடுவதற்கு முன் அவர் போனார் என்பதை நிறுவ வேண்டியிருந்தது. தங்குமிடத்துக்கு முகவரி இல்லாத வேலையின் கடைசி விளைவு அது.

படகில் வாழ்பவன் படகின் கணக்கில் எங்கே நிற்கிறான் என்பதற்கு இன்னொரு சான்று நீதிமன்ற ஏட்டிலேயே இருக்கிறது. 2012 பிப்ரவரி 15 அன்று ‘என்ரிகா லெக்சி’ என்ற இத்தாலியக் கப்பலில் இருந்த கடற்படையினர் சுட்டதில் ‘செயின்ட் ஆண்டனி’ படகில் இரு மீனவர்கள் இறந்தனர். 2021இல் இத்தாலி செலுத்திய 10 கோடி ரூபாயில் இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 4 கோடியும் படகின் உரிமையாளருக்கு 2 கோடியும் ஒதுக்கப்பட்டன. குண்டுகள் பாய்ந்தபோது அதே தளத்தில் இருந்து உயிர் தப்பியவர்களுக்கு அந்தப் பங்கீட்டில் இடமில்லை. அவர்கள் உச்ச நீதிமன்றத்தை நாடவேண்டியதாயிற்று. 2022 நவம்பரில், உரிமையாளருக்கான 2 கோடியிலிருந்து ஒன்பது மீனவர்களுக்குத் தலா 5 லட்சம் வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. மரத்துக்கு 1 கோடியே 55 லட்சம். அதில் வாழ்ந்த ஒன்பது பேருக்கும் சேர்த்து 45 லட்சம், அதுவும் வழக்காடிய பிறகு.

188ஆம் உடன்படிக்கையை ஆசியாவில் முதலில் ஏற்றது தாய்லாந்து, 2019இல். இந்தியா இன்னும் ஏற்கவில்லை. பெயர்ப் பட்டியலும் எழுத்து ஒப்பந்தமும் கேட்கும் ஒரு தாளில் கையெழுத்திட இத்தனை ஆண்டுகள் ஏன் தேவைப்படுகின்றன என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. மட்டாஞ்சேரியில் பருவகால வேலைக்குப் போகும் மாணவர்களும், அவர்களுக்கு நெறியாளராக இருப்போரும், ஒரு நாள் கால்வாயோரம் தெற்கே நடந்து தோப்பும்படி ஏலக்கூடத்தில் நின்று அதைக் கேட்கலாம். டீசல், ஐஸ், அரிசி, கமிஷன் என்று கழித்துக்கொண்டே வரும் குறிப்பேடு அங்கே எவர் கையிலாவது திறந்திருக்கும்.