காலைப் பிடித்துக்கொள்ளும் மிதி



என்மீது எவரும் மோதவில்லை. சாலையில் மணலும் இல்லை, பள்ளமும் இல்லை. தெருமுனைத் தேநீர்க்கடையின் முன்னால், முற்றிலும் நின்றுவிட்ட மிதிவண்டியோடு சேர்ந்து, வெட்டுண்ட வாழைமரம் போல் வலப்பக்கமாக மெல்லச் சாய்ந்து விழுந்தேன். பின்னால் வந்த ஆட்டோ என் தலைக்கு ஒரு முழத் தொலைவில் நின்றது. பள்ளிப் பருவம் தொட்டு மிதிவண்டி ஓட்டி வருபவன் நான். நின்ற வண்டியிலிருந்து விழுந்தது அதுவே முதன்முறை.

காரணம் என் காலணியின் அடியில் இருந்தது. மகன் தன் வண்டிக்குப் புதிய மிதிகள் வாங்கியபோது, பழையவற்றை என் வண்டியில் பூட்டித் தந்தான். "வாப்பா, ஒரு வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டே பழகுங்கள், பிறகு சாலைக்குப் போகலாம்" என்றும் சொன்னான். அவன் வயதைவிட என் அனுபவம் மூத்தது என்னும் எண்ணத்தில் நான் ஒரு நாளும் பழகவில்லை.

சுப்ஹுத் தொழுகை முடிந்த கையோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மிதிவண்டியோடு புறப்படும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளிலும் உண்டு. அவர்களுள் எவரேனும் 'கிளிப்லெஸ்' பெடல் வேண்டுமென்று கேட்டால், அது இன்னதென்று பெற்றோரும் அறிந்திருப்பது நலம்.

பெயரே ஒரு வேடிக்கை. 'கிளிப் இல்லாதது' என்று பொருள். ஆனால் காலை விடாமல் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. முற்காலப் பந்தய வீரர்கள் மிதியின் முன்னால் ஒரு கூடு பொருத்தி, அதனுள் பாதத்தை நுழைத்துத் தோல்வாரால் இறுக்கிக் கட்டினார்கள். அந்தக் கூட்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். அதை அகற்றிவிட்டு வந்ததனால் புதியதற்கு இப்பெயர் வாய்த்தது. பனிச்சறுக்குக் கட்டையில் காலணியைப் பூட்டும் கருவிகளைச் செய்து வந்த 'லுக்' என்னும் பிரெஞ்சு நிறுவனம், அதே உத்தியை 1984இல் மிதிவண்டிக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பெர்னார் இனோ அந்த மிதிகளோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். அதன்பின் வார்கட்டுகள் மறையத் தொடங்கின. 1990இல் ஜப்பானிய 'ஷிமானோ' நிறுவனம், காலணியின் அடியில் பதிந்திருக்கும் சிறிய இரும்புத் துண்டோடு கூடிய வகையை வெளியிட்டது. இறங்கி நடக்கவும் தோதானது அது. என் வண்டியில் இருப்பதும் அந்த வகையே.

காலணியின் அடியில் திருகப்படும் அத்துண்டுக்குக் கிளீட் என்று பெயர். அதன் முன்முனையை மிதியில் மாட்டி, காலால் அழுத்தினால், பின்னால் உள்ள வில் விலகி இடம் கொடுத்து, 'டக்'கென்ற ஓசையோடு பற்றிக்கொள்ளும். விடுபடுவதற்கோ ஒரே வழிதான்: குதிகாலை வண்டியை விட்டு விலகும்படி வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். மேலே தூக்கினால் வராது; பின்னால் இழுத்தாலும் வராது. வண்டி நின்றதும் காலைத் தூக்கித் தரையில் ஊன்றுவது நம் உடல் சிறுவயதிலிருந்தே கற்ற பாடம் அல்லவா? அந்தப் பாடமே இங்கு நம்மைக் கவிழ்க்கிறது. பதற்றம் மிகுந்தால் இன்னும் பலமாகத் தூக்குகிறோமே தவிரத் திருப்புவதில்லை. தேநீர்க்கடை முன்னால் நான் செய்ததும் அதுவே.

ஆகவே பழக்கம் குதிகாலுக்குத்தான். சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் முப்பது நாற்பது முறையாவது பூட்டித் திறக்க வேண்டும். பிறகு புல் தரையுள்ள மைதானத்தில் மெல்ல ஓட்டி, நின்று, ஓட்டி, நின்று பழக வேண்டும். வண்டி நின்றபின் காலை எடுப்பது அன்று. நிற்கப் போகிறோம் என்று தெரிந்த உடனேயே எடுப்பது. வில்லின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் மிதியில் சிறிய திருகு உண்டு. இருபுறமும் பூட்டும் மிதிகளில் பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு சோடிக்கு நான்கு திருகுகள். ஆலன் கீ கொண்டு நான்கையும் ஒரே அளவாகத் தளர்த்திவிட்டுத் தொடங்குக. எனக்கு மூன்று தளர்ந்திருந்தன, நான்காவதை மறந்திருக்கிறேன்!

கிளீட்டைப் பிடித்திருக்கும் திருகுகளோ இதற்கு நேர்மாறு. அவை நன்கு முறுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று கழன்று விழுந்தால், குதிகாலைத் திருப்பும்போது காலணி மட்டும் திரும்பும். கிளீட் அசையாது மிதியிலேயே இருக்கும். அப்போது எத்துணைத் தேர்ந்தவராயினும் கால் வெளிவராது. வாரம் ஒருமுறை திருகிப் பார்த்துக்கொள்வது வீண்வேலை ஆகாது.

எந்தக் காலை எடுப்பது? வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாட்டவர் கற்பிக்கும் படக்காட்சிகளைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் வலக்காலையே எடுக்கப் பழகுகிறார்கள். அந்நாடுகளில் சாலையோரம் வலப்பக்கம். நமக்கோ இடப்பக்கம் ஓரம்; வலப்பக்கம் பேருந்தும் லாரியும். ஆதலால் இடக்காலை எடுத்து, இடப்பக்கமாகவே சாய வேண்டும். காலை எடுத்தபின் மறுபக்கம் சாய்ந்து விழுவோரும் உண்டு. உடற்பாரமும் விடுபட்ட கால் பக்கமே இருக்கட்டும். விழப் போவது உறுதியாகிவிட்டால் கையை நீட்டி ஊன்றாதீர்கள். மணிக்கட்டு முறிவது பெரும்பாலும் அப்படித்தான். கைப்பிடியை விடாமல் விழுந்தால் முழங்கைச் சிராய்ப்போடு போகலாம்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று உம்மாமார்கள் வினவுவது காதில் விழுகிறது. நியாயமான வினாவே. கடைக்கும் பள்ளிக்கும் செல்வோருக்கு இது தேவையே இல்லை. தட்டையான சாதாரண மிதியே போதும். மிதியை மேல்நோக்கியும் இழுத்தால் வேகம் பன்மடங்காகும் என்று கடைக்காரர்கள் சொல்வதும் மிகைதான். சீரான ஓட்டத்தில் உந்துவிசை அநேகமாக முழுவதும் கீழ்நோக்கிய அழுத்தத்திலிருந்தே கிடைக்கிறது. நெடுந்தூரம் செல்லும்போது மழையிலும் மேடுபள்ளத்திலும் பாதம் நழுவாது. அந்த வசதிக்காக மட்டுமே நான் இதை வைத்துக்கொண்டிருக்கிறேன். பளிங்குத் தரையில் மட்டும் இக்காலணி வழுக்குகிறது. வாயிற்படியிலேயே கழற்றிவிட வேண்டும்.

விழுந்த அன்று இரவு மகனிடம் எதுவும் சொல்லவில்லை. முழங்கையைப் பார்த்துவிட்டு அவனும் ஏதும் கேட்கவில்லை. மறுநாள் காலை, வண்டி நிறுத்தியிருந்த சுவரோரம் ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது. அதன்மேல் ஆலன் கீ இருந்தது.